கவுன்சில் வேறு, சங்கம் வேறு: செவிலியர்கள் தொழில்முறை அமைப்பில் ஏன் சேர வேண்டும்?

மதுரையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளம் செவிலியரிடம், "ஏதாவது ஓர் அமைப்பில் உறுப்பினராக இருக்கிறீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வருகிறது. "கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறேனே, அது போதாதா?" என்பது ஒன்று. "சங்கம், போராட்டம் என்று போனால் வேலை போய்விடும்" என்பது மற்றொன்று. முதல் பதில், சட்டப்படி கட்டாயமான ஒரு பதிவையே உறுப்பினர் சேர்க்கை என்று எண்ணிக்கொள்கிறது. இரண்டாவது பதில், செவிலியர்களுக்காக இயங்கும் எல்லா அமைப்புகளையும் வேலைநிறுத்தத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. பெரியாஸ்பத்திரி வார்டுகளிலிருந்து உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து நர்சிங் ஹோம்கள் வரை இந்த இரண்டு குழப்பங்களும் பரவிக் கிடக்கின்றன. செவிலியர்களின் வீட்டாரிடமும் இவை உண்டு. மகள் சங்கத்தில் சேரப் போகிறாள் என்றதும் முதலில் பதறுகிறவர் பல நேரம் தகப்பனார்தான். எனவே எது எந்த அமைப்பு, அது யாருக்காக, எப்படி வேலை செய்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உரிமம் கொடுப்பவரும் உடன் நிற்பவரும்

மாட்டுத்தாவணியில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஓட்டுநர் உரிமம் தருவது ஆர்.டி.ஓ. அலுவலகம். அவருக்குக் கண் பார்வை சரியாக இருக்கிறதா, வண்டியை ஒழுங்காக ஓட்டத் தெரியுமா என்று பார்த்துவிட்டு அது உரிமம் தருகிறது; கவனக்குறைவாக ஓட்டி விபத்து நேர்ந்தால் அந்த உரிமத்தை நிறுத்திவைக்கவும் செய்கிறது. பயணிகளின் பாதுகாப்புதான் அதன் நோக்கம். ஆனால் அதே ஓட்டுநருக்கு ஸ்டாண்டு போட இடம் இல்லை, கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால், அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கவுண்டரில் போய்ச் சொல்லிப் பயனில்லை. அந்தப் பேச்சை ஆட்சியர் அலுவலகம் வரை கொண்டுபோவது ஸ்டாண்டில் உள்ள ஓட்டுநர்களின் சங்கம். இரண்டு அமைப்புகளும் ஒருவருக்கொருவர் பகையும் இல்லை, மாற்றும் இல்லை. ஒன்று ஓட்டுநரைப் பொதுமக்களின் பக்கமிருந்து பார்க்கிறது; மற்றொன்று ஓட்டுநரின் பக்கத்தில் நிற்கிறது.

செவிலியர் தொழிலிலும் இதே பிரிவினை இருக்கிறது. ஒப்புமை இதற்கு மேல் நீளாது. ஏனெனில் செவிலியர் அமைப்புகளுக்குத் தொழில் அறிவை வளர்ப்பது என்ற இன்னொரு பெரிய வேலையும் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

கவுன்சில் என்ன செய்கிறது?

கவுன்சில் என்பது ஓர் ஒழுங்குமுறை அமைப்பு. அதாவது, ஒரு தொழிலைச் செய்ய யாருக்குத் தகுதி உண்டு என்று சட்டத்தின் அதிகாரத்தோடு தீர்மானித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்ப் பதிவேட்டைப் பராமரிக்கும் அமைப்பு. நம் மாநிலத்தில் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சில், சென்னை மாகாணம் இருந்த காலத்தில் 1926-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி வந்தது. நாடு முழுவதற்குமான இந்திய நர்சிங் கவுன்சிலுக்கு 1947-ஆம் ஆண்டின் சட்டம் அடித்தளம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பெயரும் கட்டமைப்பும் மாறினாலும் வேலையின் தன்மை மாறாது: பாடத்திட்டத்துக்கு வரையறை, கல்லூரிகளுக்கு அங்கீகாரம், படித்து முடித்தவருக்குப் பதிவு எண், தவறு செய்தவர் மீது விசாரணை.

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தாலும் பி.எஸ்சி. நர்சிங் முடித்தாலும் இந்தப் பதிவு இல்லாமல் செவிலியராகப் பணிசெய்ய முடியாது. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது கேட்கப்படும் நற்சான்றும் அங்கிருந்துதான் வர வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் மீது ஒரு நோயாளி புகார் கொடுத்தால் அதை விசாரிக்கும் இடம் கவுன்சில். மருத்துவமனை உங்களுக்கு விடுப்பு தரவில்லை, ஒரிஜினல் சான்றிதழைத் திருப்பித் தரவில்லை என்ற உங்கள் குறைக்கு வாதாடும் இடம் அதுவன்று. இதில் கவுன்சிலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோயாளிகளைக் காப்பதற்காக அமைந்த அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கவுன்சில் பதிவு கட்டாயம், அது பொதுமக்களுக்கான பாதுகாப்பு. செவிலியருக்காகப் பேசுவதற்கு வேறோர் அமைப்பு வேண்டும்; அதில் அவராக விரும்பித்தான் சேர வேண்டும்.

தொழில்முறை அமைப்பும் தொழிற்சங்கமும்

விரும்பிச் சேர்கிற அமைப்புகளிலும் இரண்டு வகை உண்டு. ஒரே தொழிலைச் செய்கிறவர்கள், எங்கே வேலை பார்த்தாலும் சரி, தங்கள் தொழிலின் தரம், கல்வி, மதிப்பு, கொள்கை ஆகியவற்றுக்காகத் தாங்களே அமைத்துத் தாங்களே நடத்துவது தொழில்முறை அமைப்பு. வேலை கொடுப்பவரோடு ஊதியம், பணிநேரம், பணிநிலைமை பற்றி உறுப்பினர்கள் சார்பில் பேரம் பேசுவது தொழிற்சங்கம்.

முதல் வகைக்கு நம் நாட்டில் மூத்த எடுத்துக்காட்டு, டி.என்.ஏ.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ட்ரெயின்ட் நர்சஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. 1905-இல் லக்னோவில் நர்சிங் கண்காணிப்பாளர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள்; அதன் தொடர்ச்சியாக 1908-இல் எல்லாப் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்குமான இந்த அமைப்பு உருவானது. 1910 முதல் சொந்தமாக ஒரு நர்சிங் இதழை நடத்தி வருகிறது. 1912-இல் உலகச் செவிலியர் மன்றத்தோடு இணைந்தது. அந்த மன்றம் 1899-இல் தோன்றியது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 130-க்கும் மேற்பட்ட நாடுகளின் தேசியச் செவிலியர் சங்கங்களை ஒன்றுசேர்க்கிறது. மேலூரில் இருந்து ஒரு செவிலியர் டி.என்.ஏ.ஐ.-இல் சேர்ந்தால், அந்த வரிசையில் அவருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. தனித்துறைகளுக்கென்றும் அமைப்புகள் உண்டு. மகப்பேறு உதவியாளர்களுக்கு 2000-இல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் மிட்வைவ்ஸ் ஆஃப் இந்தியாவை இங்கே குறிப்பிடலாம்.

இரண்டாவது வகைக்கு அண்டை மாநிலமான கேரளத்தைப் பார்க்கலாம். 2011-இல் அங்கே உருவான யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களைத் திரட்டியது. 2017-இல் நடந்த பெரும் போராட்டத்துக்குப் பின், 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை மாதம் 20,000 ரூபாயாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அரசுச் செவிலியர்களுக்கும், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் 2015-இல் எடுக்கப்பட்டவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டது பலருக்கும் நினைவிருக்கும்.

ஒருவர் இரண்டு வகையிலும் உறுப்பினராக இருக்கலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை. ஆனால் தொழில்முறை அமைப்பில் சேர்வது என்பது வேலைநிறுத்தத்தில் இறங்குவது என்று பொருள்படாது. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் விலகிவிடும்.

தனிக் குரல் எப்படிக் கணக்காகிறது?

ஓர் அமைப்பு உண்மையில் எந்த வழியில் பயன் தருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். அதற்கு ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். பதினெட்டுப் படுக்கை உள்ள ஒரு வார்டு. ஹேண்ட்ஓவர் முடிந்து பகல் செவிலியர் கிளம்பிவிட்டார். நைட் டூட்டியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், துணைக்கு ஒரு பயிற்சி மாணவி. மூன்றாம் படுக்கையில் ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்தம் ஏறத் தொடங்கிய முதல் பதினைந்து நிமிடம் செவிலியர் பக்கத்திலேயே நின்று, நடுக்கமோ காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். அவர் அங்கே நிற்கும்போது வார்டின் மறுகோடியில், பதினேழாம் படுக்கையில், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருக்கும் ஒரு பெரியவர், பெல் அடித்துப் பார்த்துவிட்டு, கழிப்பறைக்குத் தானாக எழுந்து விழுந்துவிடுகிறார்.

காலையில் சம்பவ அறிக்கைப் படிவம் வருகிறது. விழுந்த நேரம், விழுந்த இடம், அப்போது செவிலியர் எங்கே இருந்தார் என்ற கட்டங்கள் அதில் இருக்கின்றன. அந்த இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்று எழுத ஒரு கட்டம் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே அந்தத் தாளின்படி நடந்தது ஒரு தனிநபரின் கவனக்குறைவு. அவர் நர்சிங் சூப்பரண்டன்டிடம் போய் ஆள் பற்றாக்குறையைச் சொன்னால், "எல்லாரும் பார்க்கிறார்கள், நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்" என்ற பதிலோடு திரும்புவார். அந்தச் சூப்பரண்டன்ட் கெட்டவர் என்று இதற்குப் பொருளில்லை. ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும் குறையை வைத்து நிர்வாகத்திடம் புதிய பணியிடம் கேட்க அவராலும் முடிவதில்லை.

அமைப்பு உள்ளே வருவது இந்த இடத்தில்தான். ஒரே ஊரின் வெவ்வேறு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் உறுப்பினர்கள் தங்கள் வார்டின் படுக்கை எண்ணிக்கையையும் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் இருந்த செவிலியர் எண்ணிக்கையையும் தந்தால், அதை ஒன்றாகச் சேர்த்து, ஏற்கெனவே உள்ள ஓர் அளவுகோலோடு ஒப்பிட முடியும். அந்த அளவுகோல் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் பணியாளர் நெறிமுறை, கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியரும், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவரும் வேண்டும் என்கிறது. விடுப்பில் போகிறவர்களின் இடத்தை நிரப்ப 30 சதவீதம் கூடுதலாக வேண்டும் என்றும் சொல்கிறது. ஒருவர் சொன்னபோது குறையாக இருந்தது, கணக்காகி அளவுகோலுக்குப் பக்கத்தில் வைக்கப்படும்போது நிலைமையாகிறது. அதன் கீழே ஒருவர் பெயர் இருக்காது. அமைப்பின் முத்திரை இருக்கும். யாரைக் கூப்பிட்டு மிரட்டுவது என்ற கேள்விக்கும் இடமிருக்காது.

இந்த எண்ணிக்கைக்கும் நோயாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டது. கலிஃபோர்னியா மாநிலம் செவிலியர்–நோயாளி விகிதத்தை 1999-இல் சட்டமாக்கி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்காகப் பல ஆண்டுகள் முன்நின்றது அங்குள்ள செவிலியர்களின் அமைப்புதான். நல்ல பணிநிலைமை கேட்பது சுயநலம் என்று நினைத்துக் கூசுகிற செவிலியர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்றாம் படுக்கைக்கும் பதினேழாம் படுக்கைக்கும் நடுவே ஓடுகிறவர் கேட்பது அந்த இரண்டு நோயாளிகளுக்காகவும்தான் என்பதை அவர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு

இந்த இயக்கமுறையை முழுமையாகக் காட்டும் நிகழ்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியம், பணிநிலைமை குறித்து டி.என்.ஏ.ஐ. 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. மாதச் சம்பளம் வாங்கும் தனியொரு செவிலியர் டெல்லியில் வழக்கறிஞர் வைத்து ஐந்தாண்டு வழக்கு நடத்துவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 2016 ஜனவரி 29 அன்று நீதிமன்றம், இதை ஆராய மத்திய அரசு ஒரு குழுவை அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

அந்தக் குழுவின் பரிந்துரை படுக்கை எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, அதே நிலையில் உள்ள மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 படுக்கை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்குக் கீழ் உள்ள சிறிய நர்சிங் ஹோம்களிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. விடுப்பு, பணிநேரம், போக்குவரத்து, தங்குமிடம் போன்றவையும் அரசுச் செவிலியருக்கு உள்ளபடி இருக்க வேண்டும் என்றது குழு.

மதுரைப் பகுதியில் வேலை பார்க்கும் எத்தனை செவிலியர்களுக்கு இந்தப் பரிந்துரை தெரியும்? தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதே என் அனுபவம். பரிந்துரை தானாகச் சம்பளப் பட்டியலில் ஏறிவிடாது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அதைச் சட்டமாகவோ அரசாணையாகவோ மாற்றுவது மாநில அரசின் கையில் இருக்கிறது. மாநில அரசிடம் கேட்க அமைப்பின் மாநிலக் கிளை வலுவாக இருக்க வேண்டும். மாநிலக் கிளை வலுவாக இருக்க மாவட்டத்தில் ஆட்கள் இருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் கிளை 2004 முதல் மதுரையிலேயே இயங்குகிறது. அரசுக்கு உத்தரவிடக் கோரி ஓர் அமைப்பு மனு போட வேண்டும் என்றால் சென்னைக்கு அலைய வேண்டியதும் இல்லை. மனுவில் கையெழுத்திட அமைப்பும், அதன் பின்னால் உறுப்பினர்களும்தான் வேண்டும்.

சுருக்கம்: சிதறிக் கிடக்கும் அனுபவங்களைக் கணக்காக்குவது, அதை அளவுகோலோடு ஒப்பிடுவது, தனிப்பெயர் இல்லாமல் முன்வைப்பது, அரசிடமும் நீதிமன்றத்திடமும் எடுத்துச் செல்வது. அமைப்பின் வலிமை இந்தத் தொடரில் இருக்கிறது.

முடிவெடுக்கும் மேசையில் ஓர் இடம்

இன்னொரு வழியும் உண்டு. அது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம், கவுன்சிலின் உறுப்பினர் பட்டியலிலேயே டி.என்.ஏ.ஐ. தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒருவருக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அதாவது பாடத்திட்டமும் பதிவு விதிகளும் முடிவாகும் இடத்தில், செவிலியர்கள் தாங்களாகச் சேர்ந்த அமைப்பின் ஆளுக்குச் சட்டமே நாற்காலி போட்டிருந்தது. ஒரு சட்டம் மாறும்போது, ஒரு விதி வரைவு நிலையில் இருக்கும்போது கருத்துச் சொல்ல அரசு தேடுவது அமைப்புகளைத்தான். தனித்தனியாக இருக்கும் ஆயிரம் பேரை எந்தத் துறையும் அழைத்துக் கேட்பதில்லை.

படித்தது பழசாகாமல் இருக்க

கல்லூரியில் படித்த பாடம் பத்தாண்டில் பழசாகிவிடும். காயத்துக்குக் கட்டுப் போடும் முறை, தொற்றுக் கட்டுப்பாடு, வென்டிலேட்டர் பராமரிப்பு எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன. பதிவைப் புதுப்பிக்கும்போது தொடர் நர்சிங் கல்வி நேரங்களைக் காட்டச் சொல்வதும் இதற்காகத்தான். தொடர் நர்சிங் கல்வி என்பது வேலையில் சேர்ந்தபின் பயிலரங்கு, கருத்தரங்கு வழியாகப் பெறும் கூடுதல் பயிற்சி. பெரிய மருத்துவமனைகள் அதைத் தாங்களே நடத்திக்கொள்ளும். பேரையூரிலோ வாடிப்பட்டியிலோ பத்துப் படுக்கை மருத்துவமனையில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு, பெரும்பாலும் ஓர் அமைப்பின் மாவட்டக் கூட்டத்தின் வழியாகத்தான் வரும்.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மூத்தவர்களின் துணை. வார்டில் தாக்கப்பட்ட ஒரு செவிலியருக்கு, மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது என்பதைச் சொல்லவும், பாலியல் தொல்லைக்கு ஆளானவருக்கு, பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்று எடுத்துச் சொல்லவும், அந்த மருத்துவமனையைச் சாராத ஒரு மூத்த சிஸ்டர் வேண்டும். ராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்கு ஊரில் வேறு யாரைத் தெரியும்?

பயங்களைப் பற்றி

அமைப்பாகச் சேரும் உரிமை, அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் வேறு: தமிழ்நாட்டு அரசு ஊழியர் போராட்டத்தை ஒட்டி வந்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அரசுச் செவிலியர் சங்கத்தில் சேரலாம், வேலைநிறுத்தத்தில் கவனம் வேண்டும். தனியார் மருத்துவமனையில் இருப்பவர், தான் ஓர் அமைப்பில் உறுப்பினர் என்பதை நிர்வாகத்திடம் அறிவிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சேர்ந்ததும் சம்பளம் ஏறிவிடும், வேலை கிடைத்துவிடும், தவறு செய்தாலும் காப்பாற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்த்துச் சேர்வதும் சரியன்று. அப்படி வாக்குக் கொடுத்துப் பணம் வாங்குகிற அமைப்பிலிருந்து விலகியே இருக்க வேண்டும்.

எதில் சேர்வது?

சேரும் முன் சிலவற்றை விசாரியுங்கள். அமைப்பு, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழோ தொழிற்சங்கங்களுக்கான சட்டத்தின் கீழோ முறையாகப் பதிவானதா? நிர்வாகிகளை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்களா, அல்லது ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் தலைவராக இருக்கிறாரா? தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கிறார்களா? கட்டிய பணத்துக்கு ரசீது தருகிறார்களா? மதுரை மாவட்டத்தில் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது? மருத்துவமனை உரிமையாளரே செவிலியர் அமைப்பின் பொறுப்பில் இருந்தால், ஊதியம் பற்றிய பேச்சு அங்கே எழுவது கடினம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டிருப்பவர்கள் படிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், டி.என்.ஏ.ஐ.-யின் மாணவர் பிரிவு 1929 முதல் இருக்கிறது, உங்கள் கல்லூரியில் கிளை உண்டா என்று முதலாண்டிலேயே கேட்கலாம்.

சேர்ந்தபின் முதல் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு மாதம், ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் தேதி, வார்டு, நோயாளி எண்ணிக்கை, பணியில் இருந்த செவிலியர் எண்ணிக்கை ஆகிய நான்கை மட்டும் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். நோயாளியின் பெயரோ உள்நோயாளி (ஐ.பி.) எண்ணோ அந்த நோட்டில் எக்காரணம் கொண்டும் இருக்கக் கூடாது.